35 வயதில் நோட்டர் டேம் ஹெட் கோச்: அனுபவம் என்று எதைக் கணக்கிடுகிறோம்?

2021 நவம்பர் 29, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்களுக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. பன்னிரண்டு ஆண்டாகத் தங்கள் அணியை நடத்திவந்த பிரையன் கெல்லி, லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வீரர்களைக் கூட்டி விடைபெற்றார். சில நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை, டிசம்பர் 3 அன்று, பல்கலைக்கழகம் புதிய ஹெட் கோச்சை அறிவித்தது. மார்கஸ் ஃப்ரீமன், வயது 35. அதுவரை அவர் எந்த அணிக்கும், எந்த மட்டத்திலும், ஒரே ஒரு ஆட்டத்துக்குக்கூட ஹெட் கோச்சாக இருந்ததில்லை.

வீரர்கள் கொண்டாடினார்கள். வெளியே இருந்தவர்கள் பலர் தலையைச் சொறிந்தார்கள். ஃப்ரீமன் ஓஹயோ ஸ்டேட் அணியில் எதிரணியைத் தடுக்கும் லைன்பேக்கராக ஆடியவர். தொழில்முறை அணியான சிகாகோ பேர்ஸ் 2009-இல் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இதயம் வீங்கியிருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்து, 24 வயதிலேயே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. அப்புறம் பழைய அணியிலேயே கடைநிலை உதவியாளர், கென்ட் ஸ்டேட், பர்டூ, சின்சினாட்டி என்று படிப்படியாக ஏறி, நோட்டர் டேமுக்கு, எதிரணியைத் தடுக்கும் பக்கத்தை நடத்தும் டிஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டராக வந்து ஓராண்டுகூட முழுதாக ஆகவில்லை. மொத்தம் பதினோரு ஆண்டு கோச்சிங் அனுபவம். அது போதுமா என்பதுதான் அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி.

கல்லூரி விளையாட்டுக்கா இவ்வளவு கவலை என்று நம் ஊரிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். இங்கே கால்பந்து என்பது கையில் பந்தைப் பிடித்து ஓடியும் எறிந்தும் முன்னேறும் அமெரிக்கக் கால்பந்து. பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. நோட்டர் டேமின் சொந்த அரங்கில் 77,000-க்கும் மேல் மக்கள் உட்காரலாம். அந்த அணிக்கென்றே தேசியத் தொலைக்காட்சியில் தனி ஒப்பந்தம் உண்டு. கெல்லிக்கு லூசியானா ஸ்டேட் கொடுத்த ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு சுமார் 95 மில்லியன் டாலர். இந்த நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துத் தவறினால் அதன் செலவு பணத்தில் மட்டும் முடியாது. நல்ல வீரர்கள் வேறு கல்லூரிக்குப் போவார்கள், அணி பத்து ஆண்டு பின்னால் போய்விடும்.

சந்தேகப்பட்டவர்கள் பக்கம் வரலாறும் இருந்தது. நோட்டர் டேம் தன் கணக்கில் 11 தேசியப் பட்டங்களை வைத்திருக்கிறது. அவற்றை வென்று தந்தவர்கள் ஐந்தே பேர்: நூட் ராக்னி, ஃபிராங்க் லேஹி, ஆரா பார்சீகியன், டான் டிவைன், லூ ஹோல்ட்ஸ். இவர்களில் ராக்னி தவிர மற்ற நால்வரும் வேறிடத்தில் ஹெட் கோச்சாக இருந்து பழகிவிட்டு வந்தவர்கள். லேஹி பாஸ்டன் கல்லூரியை இரண்டு ஆண்டு நடத்தினார். ஹோல்ட்ஸ் நான்கு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்தார். ராக்னி மட்டும்தான் 1918-இல், 30 வயதில், உதவியாளர் நிலையிலிருந்து நேராக மேலே வந்தவர். அவரை வைத்து மற்றவர்களுக்குக் கணக்குப் போட முடியாது. 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை என்ற அவருடைய எண்களை எட்டியவர்கள் இந்த விளையாட்டிலேயே வெகு சிலர்தான்.

இருபத்தைந்து வயதில் ஒருவர்

ஃப்ரீமனை இளைஞர் என்று சொன்னவர்கள் டெர்ரி பிரென்னனை மறந்துவிட்டார்கள். 1953 அக்டோபரில் ஜார்ஜியா டெக் அணியோடு ஆடிய ஆட்டத்தின் இடைவேளையில் லேஹி மயங்கி விழுந்தார். பிழைக்க மாட்டார் என்று பயந்து பாதிரியார் வந்து இறுதிச் சடங்குப் பிரார்த்தனையே செய்தார். பிழைத்துவிட்டார்; ஆனால் அந்தப் பருவத்தோடு வேலையை விட்டார். அவர் இடத்துக்கு 1954-இல் வந்தவர் பிரென்னன், வயது 25. நோட்டர் டேமில் பந்தோடு ஓடும் ஹாஃப்பேக்காக முன்பு ஆடியவர். சிகாகோவில் மவுன்ட் கார்மல் என்ற உயர்நிலைப் பள்ளி அணியை நகரப் பட்டம் வெல்ல வைத்தவர். அதற்குப் பிறகு நோட்டர் டேம் முதலாண்டு மாணவர் அணிக்கு ஒரு பருவம் கோச். இவ்வளவுதான் கையிருப்பு. வயது குறைவாக இல்லையா என்று செய்தியாளர்கள் கேட்டதற்கு, இன்னும் சில மாதத்தில் 26 ஆகிவிடும் என்றாராம்.

முதல் ஆண்டு 9 வெற்றி, 1 தோல்வி. இரண்டாம் ஆண்டு 8-2. இளங்கன்று பயமறியாது என்று அன்றைக்குப் பாராட்டியிருப்பார்கள். 1956-இல் விழுந்தது அடி: 2-8. இத்தனைக்கும் அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய பால் ஹார்னங் அவருடைய அணியில்தான் இருந்தார். லேஹி சேர்த்து வைத்துவிட்டுப் போன வீரர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். படிப்புக்கே முதலிடம் என்று பல்கலைக்கழகம் கால்பந்து உதவித்தொகைகளைக் குறைத்திருந்தது. அடுத்த ஆண்டு பிரென்னன் எழுந்தார். தொடர்ந்து 47 ஆட்டம் வென்றிருந்த ஓக்லஹோமாவை அதன் சொந்த மண்ணில் 7-0 என்று வீழ்த்தியது 1957-இன் நோட்டர் டேம் அணி. முதல்நிலைக் கல்லூரிக் கால்பந்தில் அந்தத் தொடர் வெற்றிச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அதற்கடுத்த ஆண்டு 6-4. கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அப்போது அவருக்கு 30 வயது. ராக்னி இந்தப் பொறுப்பை ஏற்ற அதே வயது.

ஐந்து ஆண்டில் மொத்தம் 32 வெற்றி, 18 தோல்வி. இதைப் பார்த்து, அனுபவமில்லாதவரிடம் கொடுத்ததன் பலன் என்று முடிவு கட்டிய பல்கலைக்கழகம் அடுத்ததாக என்ன செய்தது? தொழில்முறை அணிகளை நடத்திய அனுபவமுள்ள ஜோ குஹாரிச்சைக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டில் 17 வெற்றி, 23 தோல்வி. வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்துவிட்டுப் போன முதல் நோட்டர் டேம் கோச் அவர்தான். அனுபவம் வேண்டும் என்று அவசரமாகத் தாவியதில் நேர்ந்தது அது. பிரென்னனை இன்னும் மூன்று ஆண்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனாலும், 2-8-இலிருந்து ஓராண்டில் ஓக்லஹோமாவை வீழ்த்தும் நிலைக்கு வந்த ஒரு 29 வயதுக்காரரைக் கற்றுக்கொள்ளாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகும் இந்தப் பல்கலைக்கழகம் மூன்று முறை பெரிய கல்லூரி அணியை நடத்தியிராத ஒருவரிடம் நாற்காலியைக் கொடுத்துப் பார்த்தது. 1981-இல் ஜெரி ஃபாஸ்ட்; சின்சினாட்டியின் மோலர் உயர்நிலைப் பள்ளியில் தோல்வியே அறியாதவர் போல இருந்த கோச், வயது 45-க்கு மேல். முதல் ஆட்டம் வென்றதுமே அணி தேசியத் தரவரிசையில் முதலிடம் போனது, அடுத்த வாரம் மிச்சிகனிடம் விழுந்தது. ஐந்து ஆண்டில் 30-26-1. 1997-இல் பாப் டேவி, ஃப்ரீமனைப் போலவே டிஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டராக இருந்து உள்ளேயிருந்தே உயர்ந்தவர், 35-25. 2005-இல் சார்லி வைஸ். தொழில்முறைச் சாம்பியன்களுக்குக் கிடைக்கும் சூப்பர் பவுல் மோதிரம் நான்கு வைத்திருந்தவர், எல்லாமே உதவியாளராக வாங்கியது. முதல் பருவத்தின் பாதியிலேயே அவருக்குப் பத்து ஆண்டு ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் ஆண்டில் 3-9.

இந்த மூவரையும் யாரும் இளைஞர் என்று சொல்ல முடியாது. நாற்பதைத் தாண்டி, தொழிலில் பழுத்து வந்தவர்கள். அவர்களிடம் இல்லாதது வேறு.

உதவியாளர் பார்க்காத வேலை

டிஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டரின் உலகம் தெளிவானது. எதிரணி என்ன செய்யும் என்று வாரம் முழுக்க வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அதற்கு மாற்று வகுக்கிறார், சனிக்கிழமை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முயற்சிக்கும் ஆணை கொடுக்கிறார். தன் அணி பந்தை வைத்திருக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த சுற்றுக்கான படத்தை வரைவார். அந்த நேரத்தில் களத்தில் நடக்கும் முடிவுகள் அவர் கவலை இல்லை. ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் டைம்-அவுட் பாதி ஆட்டத்துக்கு மூன்று உண்டு; அதை எப்போது செலவழிப்பது என்று அவர் யோசித்ததே இல்லை. நான்காவது முயற்சியில் பந்தை உதைத்து அனுப்புவதா, துணிந்து ஆடுவதா என்பதும் அவரிடம் வந்ததில்லை.

ஹெட் கோச் ஆன நாளில் இவை அனைத்தும் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள், அவர்களின் பெற்றோர், பத்து உதவிக் கோச்சுகள், பள்ளிப் பிள்ளைகளை அணிக்குச் சேர்க்கும் வேலை, நன்கொடையாளர்கள், செய்தியாளர்கள். 2021-இலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டது, கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. ஆக, சேர்த்த பிள்ளையை ஆண்டுதோறும் தக்கவைக்கவும் வேண்டும். ஒரு நல்ல சமையற்காரரைக் கூப்பிட்டு நாளையிலிருந்து கல்யாண மண்டபத்தையே நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது மாதிரி. இருபது ஆண்டு உதவியாளராக இருந்தாலும் இந்த வேலையில் முதல் நாள் முதல் நாள்தான். அதனால்தான் "எத்தனை ஆண்டு அனுபவம்" என்ற கேள்வி பாதி கேள்வி என்று நினைக்கிறேன். ஃப்ரீமனுக்கு 35 வயதுக்குப் பதில் 50 வயது இருந்திருந்தாலும் முதல் பருவத்தில் நடந்ததில் பெரும்பகுதி நடந்தே இருக்கும்.

என்ன நடந்தது? பொறுப்பேற்று முதல் ஆட்டம் 2022 ஜனவரி 1, பருவக் கடைசியில் நடக்கும் ஃபியஸ்டா பவுல். ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு எதிராக 28-7 என்று முன்னிலையில் இருந்த அணி 37-35 என்று தோற்றது. செப்டம்பரில் ஓஹயோ ஸ்டேட்டிடம் 21-10. அடுத்த வாரம் சொந்த மண்ணில், எளிதாக வெல்லலாம் என்று அழைத்து வந்த மார்ஷல் அணியிடம் 26-21. முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்ற ஹெட் கோச் நோட்டர் டேம் வரலாற்றில் அவருக்கு முன் யாரும் இல்லை. சந்தேகப்பட்டவர்கள் எல்லாம் "அப்போதே சொன்னோமே" என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், நான்காம் தரவரிசையில் இருந்த கிளெம்சனை 35-14 என்று அடித்துத் துரத்தியதும் இதே கோச்தான். பருவம் 9-4 என்று முடிந்தது.

பத்துப் பேர்

இனி 2023 செப்டம்பர் 23. ஃப்ரீமனைப் பற்றிய விவாதத்தில் இதைவிட முக்கியமான இரவு கிடையாது. நோட்டர் டேமின் ஊரான சவுத் பெண்டில், நிரம்பிய அரங்கில், மறுபடியும் ஓஹயோ ஸ்டேட். நோட்டர் டேம் 14-10 என்று முன்னிலை. கடைசி நொடிகளில் எதிரணி பந்தை ஒரு கெஜக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஏழு நொடி மீதி இருந்தபோது எறிந்த பந்து கைக்குச் சிக்காமல் போனது, கடிகாரம் நின்றது. இன்னும் ஒரு முயற்சிக்கு நேரம் இருக்கிறது. எதிரணி பந்தை ஓடிக் கொண்டுபோய்க் கோட்டைத் தாண்டியது. ஒரு நொடி மீதி. 17-14 என்று ஓஹயோ ஸ்டேட்டுக்கு வெற்றி.

பிறகு வீடியோவைப் பார்த்தவர்கள் எண்ணினார்கள். அந்தக் கடைசி இரண்டு முயற்சியிலும் நோட்டர் டேம் டிஃபென்ஸில் 11 பேர் இல்லை, 10 பேர்தான். முன்வரிசையில் ஒரு ஆள் குறைவு, ஓட்டம் போனதும் முன்வரிசை வழியாகத்தான்.

ஃப்ரீமன் மறைக்கவில்லை. ஆள் குறைவதைக் கவனித்ததையும், இன்னொரு முன்வரிசை வீரரை அனுப்ப நினைத்துப் பிறகு தடுத்துவிட்டதையும் அவரே சொன்னார். டைம்-அவுட் கையில் இல்லை, தாமதமாக ஓடிப் போனால் பெனால்டி வரும் என்று பயம். இந்த இடத்தில்தான் அனுபவம் என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. ஒரு கெஜக் கோட்டில் பந்து இருக்கும்போது அந்தப் பெனால்டியின் விலை என்ன? கோலுக்கு மீதி இருக்கும் தூரத்தில் பாதி, அதாவது அரை கெஜம். அதைக் கொடுத்தாவது ஆட்டத்தை நிறுத்தி 11 பேரையும் நிற்க வைத்திருக்கலாம். மறுநாள் காலை சாவகாசமாக உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் விளங்குகிற கணக்கு. எழுபத்தேழாயிரம் பேர் கத்தும்போது இரண்டு மூன்று நொடிக்குள் கைக்கு வர வேண்டும் என்றால், அது முன்பே ஒரு தடவையாவது மனத்துக்குள் ஓடிப் பழகியிருக்க வேண்டும். டிஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டராக அவர் எத்தனையோ ஒரு-கெஜ நிலைமைகளைப் பார்த்திருப்பார். பெனால்டியை வேண்டுமென்றே வாங்கிக்கொள்வது அங்கே அவர் முடிவாக இருந்திருக்காது.

ஆக, சந்தேகப்பட்டவர்கள் சொன்னது பொய் இல்லை. அனுபவக் குறைவு அந்த ஆட்டத்தைப் பறித்தது என்றே நான் சொல்வேன். அந்தத் தோல்வியிலிருந்து அவர் எதை எடுத்துக்கொண்டார் என்பதுதான் மிச்சக் கேள்வி.

அதற்கு முன்னாலேயே அவர் செய்திருந்த ஒரு காரியத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஹெட் கோச் ஆனதும் தன் பழைய டிஃபென்ஸ் வேலைக்கு யாரைக் கொண்டுவருவது என்று பார்த்தார். தன் வயதில், தன் பேச்சுக்குத் தலையாட்டும் ஒரு நண்பரைக் கொண்டுவந்திருக்கலாம். புதிதாக வருகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஃப்ரீமன் கொண்டுவந்தது ஆல் கோல்டனை. அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர், டெம்பிள், மயாமி என்று இரண்டு பல்கலைக்கழகங்களில் பத்து ஆண்டு ஹெட் கோச்சாக இருந்தவர். அந்த நாற்காலியின் வலி தெரிந்த ஆளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். 2024-இல் நாட்டின் சிறந்த உதவிக் கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருது கோல்டனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு தாக்குதல் பக்கத்துக்கு, நீண்ட அனுபவமுள்ள மைக் டென்பிராக்கை லூசியானா ஸ்டேட்டிலிருந்து, கெல்லியிடமிருந்தே, திரும்ப அழைத்து வந்தார். தனக்கு எது இல்லையோ அதைச் சம்பளம் கொடுத்து வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் வருகிற குணம் இல்லை. மூத்தவர் முன்னால் முதலாளியாக இருக்கக் கூச்சமும் பயமும் இல்லாதவரால்தான் முடியும்.

2024 பருவம் தொடங்கி இரண்டாவது வாரமே மறுபடியும் ஒரு இடி. நார்தர்ன் இல்லினாய் அணியிடம் சொந்த மண்ணில் 16-14. மூன்றாம் ஆண்டிலும் இப்படியா என்று கேட்காத ஆள் இல்லை. அடுத்த வாரம் பர்டூவை 66-7 என்று அடித்தார்கள். அங்கிருந்து தொடர்ச்சியாக 13 வெற்றி.

அவற்றில் ஒன்று, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் நடந்த சுகர் பவுல், 2025 ஜனவரி 2, ஜார்ஜியாவுக்கு எதிராக. புத்தாண்டு அதிகாலையில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த தாக்குதலால் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. கடைசிக் கால்பகுதியில் நோட்டர் டேம் முன்னிலை. ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மீதி. நான்காவது முயற்சி, இன்னும் ஒரு கெஜம் வேண்டும், தங்கள் சொந்தப் பகுதியின் 18 கெஜக் கோட்டில். அங்கே துணிந்து ஆடித் தவறினால் எதிரணிக்குப் பரிசு கொடுத்தது போலாகும். பந்தை உதைத்து அனுப்பும் குழு களத்துக்குப் போனது, ஜார்ஜியாவும் அதற்கேற்ப ஆட்களை நிறுத்தியது. அப்போது திடீரென்று நோட்டர் டேமின் 11 பேரும் வெளியே ஓட, தாக்குதல் குழுவின் 11 பேர் உள்ளே ஓடினார்கள். ஜார்ஜியா பக்கத்தில் யார் நிற்பது, யார் போவது என்று குழப்பம். டிஃபென்ஸ் வீரர் ஒருவர் பந்து நகருமுன் பாய்ந்துவிட்டார். பெனால்டி. முதல் முயற்சி மறுபடியும் நோட்டர் டேமுக்கு. பந்தையும் கடிகாரத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டு 23-10 என்று முடித்தார்கள்.

கோட்டோரத்தில் ஒரு ஆளைக் கூடுதலாக அனுப்பத் தயங்கிய அதே கோச், பதினைந்து மாதம் கழித்து, பருவத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில், 11 பேரை ஒரே நேரத்தில் மாற்றி எதிரணியை எண்ண வைத்தார். இப்படி ஒரு ஆட்டத்தைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்காமல் களத்தில் செய்ய முடியாது. யார் எந்த இடத்தில் நிற்கிறார், நடுவர் எதிரணிக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார், கடிகாரத்தில் எத்தனை நொடி இருக்கிறது என்று எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். ஆள் எண்ணிக்கையில் அவமானப்பட்ட ஒரு அணி, ஆள் மாற்றுவதையே ஆயுதமாக்கும் அளவுக்கு அதில் உழைத்திருக்கிறது.

அரையிறுதியில் பென் ஸ்டேட்டை 27-24 என்று வென்று, தேசிய இறுதி ஆட்டத்துக்கு அணியைக் கொண்டுபோன முதல் கறுப்பின ஹெட் கோச் ஆனார் ஃப்ரீமன். இறுதியில் ஓஹயோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்திலும் அவர் எடுத்த முடிவுகளில் கேள்விக்குரியவை இருந்தன. 16 புள்ளி பின்தங்கிய நிலையில், கோல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தும், கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுக்கும் டச்டவுனுக்குப் போகாமல் மூன்று புள்ளிக்கு உதைக்கச் சொன்னார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கற்றுக்கொண்டு முடித்துவிட்டார் என்று யாரும் சொல்ல வேண்டாம். அன்று எதிர்ப் பக்கத்தில் நின்ற ரயன் டேயும் ஓஹயோ ஸ்டேட்டில்தான் முதல் முறையாக ஹெட் கோச் ஆனவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹெட் கோச்சாகப் பெரும் அனுபவத்தோடு கிளம்பிப் போன கெல்லியோ, லூசியானா ஸ்டேட்டில் ஒருமுறைகூட பிளேஆஃபுக்குள் நுழையாமல் 2025 அக்டோபரில் நீக்கப்பட்டார்.

அரிசோனாவிலும் இதே கதை

ஒரு கல்லூரியை மட்டும் வைத்துப் பேசினால் விதிவிலக்கு என்பார்கள். அரிசோனா ஸ்டேட்டைப் பாருங்கள். 2017 டிசம்பரில் அவர்கள் ஹெர்ம் எட்வர்ட்ஸை எடுத்தார்கள், வயது 63, தொழில்முறையில் நியூயார்க் ஜெட்ஸையும் கான்சஸ் சிட்டியையும் நடத்தியவர். 2022 செப்டம்பரில் அவர் போனபோது, வீரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது. அடுத்து வந்தவர் கென்னி டிலிங்ஹாம், வயது 32, அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். உயர்நிலைப் பள்ளியிலேயே முழங்கால் அடிபட்டதால் கல்லூரி அளவில் ஆடியதுகூட இல்லை.

முதல் ஆண்டு 3-9. பருவத்தின் தொடக்கத்திலேயே ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டிடம் 29-0 என்று தோற்றதும், தாக்குதல் ஆணைகளைக் கொடுக்கும் வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். இளம் கோச்சுகள் வழக்கமாகச் செய்வது இது: தெரிந்த வேலைக்குத் திரும்பி ஓடுவது. அடுத்த ஆண்டு அதை விட்டுவிட்டார். ஹெட் கோச்சாக இருந்து பழகிய மார்கஸ் அரோயோவைக் கொண்டுவந்து தாக்குதலை அவர் கையில் கொடுத்தார். 16 அணிகள் உள்ள பிக் 12 பிரிவில் கடைசி இடம்தான் என்று பருவத்துக்கு முன் கணிக்கப்பட்ட அணி 2024-இல் பட்டம் வென்றது. பிளேஆஃபில் டெக்ஸாஸை இரண்டு கூடுதல் சுற்று வரை இழுத்து 39-31 என்று தோற்றது. அதே பருவத்தின் நடுவில், சின்சினாட்டியிடம் தோற்ற கையோடு செய்தியாளர்கள் முன்னால், திங்கட்கிழமை பந்தை உதைக்கப் புது கிக்கருக்குத் தேர்வு வைக்கிறோம் என்று கோபத்தில் சொன்னவரும் இவர்தான். நிதானம் ஒரே நாளில் வருவதில்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தது முதலில் வந்துவிட்டது, அதுவே அணியைக் காப்பாற்றியது.

யாருக்கு எவ்வளவு நேரம்

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. "அனுபவம் போதுமா" என்ற கேள்வி எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை, காலமும் ஒரே அளவில் கொடுக்கப்படுவதில்லை. நோட்டர் டேமின் முதல் கறுப்பின ஹெட் கோச் டைரோன் வில்லிங்ஹாம். ஸ்டான்ஃபோர்டை ஏழு ஆண்டு நடத்திய அனுபவத்தோடு 2002-இல் வந்தவர். மூன்றே பருவத்தில், 21-15 என்ற நிலையில் நீக்கினார்கள். ஃபாஸ்ட்டுக்கு ஐந்து ஆண்டு கிடைத்தது. ஹெட் கோச் அனுபவமே இல்லாமல் வில்லிங்ஹாமுக்கு அடுத்து வந்த வைஸுக்கும் ஐந்து ஆண்டு. அவருடைய 35-27 என்ற கணக்கு வில்லிங்ஹாமின் கணக்கைவிடத் தூக்கிப் பேசக்கூடியது இல்லை. வில்லிங்ஹாமுக்கு முன்னால் 2001 டிசம்பரில் ஜார்ஜ் ஓ'லியரி என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வாங்காத பட்டமும், ஆடாத ஆட்டமும் அவருடைய தற்குறிப்பில் எழுதியிருந்தது தெரிந்து ஐந்தே நாளில் விலகினார். காகிதத்தில் இருக்கும் அனுபவத்தை இந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு நம்பியது என்பதற்கு அதுவே சாட்சி.

கல்லூரிக் கால்பந்து வீரர்களில் கறுப்பினத்தவர் பெரும்பங்கு; 130-க்கும் மேற்பட்ட முதல்நிலை அணிகளில் ஹெட் கோச் நாற்காலியில் இருப்பவர்களில் மிகச் சிறு பங்கு. அவர்களில் பலருக்கு முதல் வாய்ப்பே நலிந்த அணியில்தான் கிடைக்கிறது. அங்கே தோற்றால் அனுபவம் என்று எழுத மாட்டார்கள், தோல்வி என்றுதான் எழுதுவார்கள். ஃப்ரீமனை மார்ஷல் தோல்வியிலும், 10 பேர் தோல்வியிலும், நார்தர்ன் இல்லினாய் தோல்வியிலும் பல்கலைக்கழகம் கைவிடாமல் இருந்தது சரியான காரியம். அந்தப் பொறுமை வில்லிங்ஹாமுக்குக் கிடைத்திருக்க வேண்டும், பிரென்னனுக்கும் கிடைத்திருக்க வேண்டும். இளம் கோச்சை நியமிக்கும் கல்லூரி, முதல் இரண்டு ஆண்டில் நாலைந்து ஆட்டத்தையாவது படிப்புச் செலவாகக் கொடுக்கத் தயாரா என்று தன்னைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தயாரில்லை என்றால் நியமிக்கக் கூடாது. நடுவழியில் இறக்கிவிடுவது அந்த இளைஞருக்கும் கேடு, அவரை நம்பிச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் கேடு.

2025-இல் கோல்டன் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஃப்ரீமன் மறுபடியும் ஒரு முன்னாள் ஹெட் கோச்சையே பார்த்தார்: ரட்கர்ஸை நடத்திய கிறிஸ் ஆஷ். முதல் இரண்டு ஆட்டமும் போனது. மயாமியிடம் 27-24, டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. இரண்டிலும் சேர்த்து நான்கே புள்ளி வித்தியாசம். ரசிகர்கள் ஆஷை நீக்கச் சொல்லிக் கத்தினார்கள். ஃப்ரீமன் நீக்கவில்லை; மீதமிருந்த பத்து ஆட்டத்தையும் வென்றார்கள், டிஃபென்ஸ் வாரத்துக்கு வாரம் இறுகியது. 10-2 என்று முடித்தும், தொடக்கத்தில் தோற்ற அந்த இரண்டு ஆட்டத்தின் சுமையால் பிளேஆஃப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை, மயாமிக்குக் கிடைத்தது. டிசம்பர் முழுக்க அதைப் பற்றி நடந்த வாக்குவாதம் தேர்வுக்குழுவைச் சுற்றியும் ஆஷின் தொடக்கத் தடுமாற்றத்தைச் சுற்றியும்தான் இருந்தது. 39 வயதான ஹெட் கோச்சின் வயது அதில் பேச்சாகவே வரவில்லை.